உடன் பயில்வோரைத் திருத்தும் உரிமை

ஆசிரியர் மாணவரைத் திருத்துகிறார். அது பதவி தரும் உரிமை. தாய் மகளைக் கண்டிக்கிறாள். அது உறவு தரும் உரிமை. ஆனால், ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்து பயிலும் ஒருத்திக்கு மற்றொருத்தியின் குறையை எடுத்துரைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

நான்கு மாணவியர் கூடிப் பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு வரைபடம் ஆயத்தம் செய்வதாகக் கொள்வோம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் ஏழு வயதும் அதற்கு மேலும் உடையோருள் எழுத்தறிவு பெற்ற ஆண்கள் 80.9 விழுக்காடு, பெண்கள் 64.6 விழுக்காடு. ஒருத்தி இரவு கண்விழித்து, இவ்விரு எண்களையும் வண்ணப் பட்டைகளாக வரைந்து வருகிறாள். ஆனால், அளவை பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 60இலிருந்து தொடங்கிவிட்டாள். ஆதலால், ஆண்களின் பட்டை பெண்களின் பட்டையைவிட நான்கரை மடங்கு உயரமாக நிற்கிறது. எண்கள் மெய், படமோ பார்ப்பவரை ஏமாற்றுகிறது.

முதல் தோழி, "மிக அழகு" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். இரண்டாமவள், "உனக்கு வரையவே தெரியாது" என்று நகைக்கிறாள். ஒருத்தி நட்பைக் காத்ததாகவும், மற்றவள் உண்மையைக் காத்ததாகவும் எண்ணுகின்றனர். படமோ பிழையோடு சுவரில் ஏறும். அதன் அடியில் நால்வர் பெயரும் இருக்கும்.

நம் வினாவிற்கு விடை இங்கேதான் உள்ளது. பணி பொதுவாயின் பிழையும் பொதுவே. சமமானவரைத் திருத்தும் உரிமை, அப்பணியில் நமக்குள்ள பங்கினால் வருவது. ஆகவே, குறை கண்டவர் அதை நீக்கும் உழைப்பிலும் பங்கு கொள்ளல் வேண்டும். மூன்றாமவள் சொல்கிறாள்: "எண்கள் சரியாக இருக்கின்றன. அளவைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் வேறுபாடு உள்ளபடி தெரியும். வா, நான் கோடு போடுகிறேன்; நீ வண்ணம் தீட்டு." இதுவே அறநெறி.

நமது அரசியலமைப்பின் வரைவு 1948 பிப்ரவரியில் வெளியிடப்பட்டது. அதன்மீது 7,635 திருத்தங்கள் அளிக்கப்பட்டன. அவற்றுள் 2,473 அவையில் முன்மொழியப்பட்டன. இன்ன பிரிவில் இன்ன சொல்லை நீக்கி இன்ன சொல்லை இடுக என்பதே திருத்தத்தின் வடிவம். குறை கூறியவர் மாற்றையும் எழுதித் தந்தார். 1949 நவம்பர் 25 அன்று ஆற்றிய உரையில், ஓயாது மறுத்துப் பேசிய காமத், கே. டி. ஷா, குன்ஸ்ரு முதலியோரைப் பெயர் சொல்லி அண்ணல் அம்பேத்கர் நன்றி பாராட்டினார். தாம் ஏற்காத யோசனைகளும் மதிப்பில் குறைந்தவை அல்ல என்றார்.

கேட்பவர்க்கும் கடமை உண்டு. மழைக்கால வாசம் முடியும் பவாரணா நாளில், மூத்த பிக்கு முதலாக ஒவ்வொருவரும் தம் குறையைச் சுட்டுமாறு சங்கத்தை வேண்டுவது பௌத்த மரபு. கேட்கப்படும் முன்பே தாமாக வேண்டுவதால், சொல்பவரின் அச்சமும் கேட்பவரின் சினமும் தணிகின்றன.

நம் பிள்ளைகள் கூட்டுப்பணியை ஆசிரியரிடம் அளிக்குமுன், "என் பகுதியில் எதைத் திருத்தலாம்?" என்று ஒவ்வொருவரும் கேட்கட்டும். அப்பழக்கத்தை இல்லத்தில் பெற்றோர் முதலில் தொடங்குவாராக.