பிள்ளைகளிடமா, அந்நியரிடமா?

சபையில் வரியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் இராயனின் (சீசரின்) நாணயத்துக்குப் போய்விடுவார்கள். யார் உருவம் பொறித்திருக்கிறதோ அவனுக்குக் கொடு, அவ்வளவுதான். நியூ ஜெர்சியில் வீட்டிலிருந்தபடியே சின்னக் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த வசனம் போதவில்லை. அங்கே இராயன் ஒருவன். இங்கே ஐம்பது மாநிலம். டாலர் நோட்டில் எந்த மாநிலத்தின் முகமும் இல்லை. 1999 முதல் 2008 வரை அடித்த கால் டாலர் காசுகளில் மாநிலத்துக்கு ஒரு படம் உண்டுதான், ஆனால் யாரும் அதைப் பார்த்து வரி பிரிப்பதில்லை.

என் தொழிலுக்குப் பொருந்துவது மத்தேயு 17-ஆம் அதிகாரத்தின் கடைசி நாலு வசனம். ஆலய வரி வாங்குகிறவர்கள் பேதுருவிடம் வந்து, உங்கள் போதகர் கட்டுவதில்லையா என்று கேட்கிறார்கள். கட்டுகிறார் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வருகிறான். இயேசு முந்திக்கொள்கிறார்: ராஜாக்கள் யாரிடம் வரி வாங்குகிறார்கள், சொந்தப் பிள்ளைகளிடமா, அந்நியரிடமா? அந்நியரிடம் என்கிறான் பேதுரு. அப்படியானால் பிள்ளைகள்மேல் கடன் இல்லை என்கிறார். ஆனாலும் அவர்களுக்கு இடறலாக வேண்டாம், கடலில் தூண்டில் போடு, முதல் மீனின் வாயில் காசு இருக்கும், நம் இருவருக்குமாகக் கட்டிவிடு என்கிறார்.

இது நடந்த கப்பர்நகூம் எல்லையோர ஊர். கொஞ்சம் கிழக்கே போய் யோர்தானைத் தாண்டினால் அந்திப்பா ஏரோதின் கலிலேயா முடிந்து, அவன் சகோதரன் பிலிப்புவின் ஆட்சி தொடங்கிவிடும். மத்தேயு வரி வாங்க உட்கார்ந்திருந்த ஆயத்துறையும் அந்த ஊரில்தான். நாலு சுவிசேஷத்தில் இந்த மீன் கதை அவர் பெயரில் உள்ளதில் மட்டும் வருகிறது. ஆயக்காரனுக்குத்தானே அது மறக்காது!

என்னிடம் வேலை பார்க்கிற பெண் கல்யாணமாகி பென்சில்வேனியாவில் ஆலன்டவுனுக்குக் குடிபோனாள். "அக்கா, லேப்டாப்பும் அதேதான், வேலையும் அதேதான். நான் வீடு மாறினதுக்கு நீங்க ஏன் புதுசா ரிஜிஸ்டர் பண்ணணும்?" என்றாள். பண்ணத்தான் வேண்டும். அவள் சம்பளத்தில் பென்சில்வேனியாவுக்கு 3.07 சதவீதம் பிடிக்க வேண்டும். அங்கே ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே விகிதம். வேலையிழப்புக் காப்பீட்டுக்கும் அந்த மாநிலத்துக்கே கட்ட வேண்டும். இதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவள் வீட்டு வயர் புகைந்தால் ஓடி வரும் தீயணைப்பு வண்டி அந்த ஊருடையது. நான் அவள் சம்பளத்தை நிறுத்திவைத்தால் அவள் முறையிடப் போகிற வாசலும் அங்கேதான்.

2012-இல் நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் டெலிபிரைட் வழக்கில் இதையே சொன்னது. மேரிலாந்து கம்பெனி, நியூ ஜெர்சியில் அதற்கு இருந்தது வீட்டிலிருந்து மென்பொருள் எழுதிய ஊழியர் ஒருவர் மட்டும். அவருக்குக் கிடைக்கிற சட்டப் பாதுகாப்பு கம்பெனிக்கும் பயன்படுகிறது, ஆகவே வரி உண்டு என்றார்கள். 1940-இல் நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டர் வைத்த அளவுகோலும் இந்த வகைதான்: பதிலுக்குக் கேட்கும்படி மாநிலம் எதையாவது கொடுத்திருக்கிறதா? சட்டப் புத்தகத்தில் இருந்தாலும், நன்றிக்கடனைப் பற்றிய கேள்வி இது.

கடன் விழச் சம்மதம் வேண்டாமா? தத்துவவாதி ஜான் லாக், ஒரு நாட்டின் பெருவழியில் நடந்து போகிறவன்கூட அதன் ஆட்சிக்கு மௌனமாகச் சம்மதித்தவன் என்றார். தூக்கத்தில் கப்பலில் தூக்கிப் போடப்பட்டவன் மாலுமிக்குச் சம்மதித்தான் என்பீர்களா என்று கேட்டார் ஹ்யூம். நான் ஹ்யூம் கட்சி. ஆனால் சம்மதம் இல்லாமலும் கடன் விழும். தாயிடம் யாரும் ஒப்பந்தம் போட்டுப் பிறப்பதில்லை. உடல் இருக்கும் இடத்தில் கடன் இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

சரக்கு விற்கிறவர்கள் பாடு வேறு. 2018-இல் வேஃபேர் வழக்கில் உச்ச நீதிமன்றம், விற்பவர் கால் பதிக்காத மாநிலமும் விற்பனை வரியை வசூலித்துத் தரச் சொல்லலாம் என்றது. ஐந்துக்கு நாலு. அந்த வழக்குக்குக் காரணமான தெற்கு டகோடா சட்டத்தின் வரம்பு வருடத்துக்கு 1,00,000 டாலர் விற்பனை, அல்லது 200 விற்பனைகள். 40 டாலருக்குக் குத்துவிளக்கு விற்கிறவர் 8,000 டாலரிலேயே மாட்டிக்கொள்வார். 2023-இல் தெற்கு டகோடா அந்த 200-ஐ எடுத்துவிட்டது. நல்ல காரியம்.

எனக்கு ஒட்டாதது நியூயார்க்கின் விதிதான். வேலை கொடுக்கிற அலுவலகம் அங்கே இருந்து, நீ உன் வசதிக்காக வெளி மாநில வீட்டில் உட்கார்ந்தால், அந்த நாளின் சம்பளத்துக்கும் வரி எனக்கே என்கிறது. எட்வர்ட் செலின்ஸ்கி என்ற சட்டப் பேராசிரியர் மன்ஹாட்டனில் பாடம் நடத்தி, மற்ற நாட்களில் கனெக்டிகட் வீட்டில் எழுதினார். வீட்டு நாட்களுக்கு இரண்டு மாநிலமும் வரி வாங்கின. 2003-இல் நியூயார்க்கின் உச்ச மன்றத்தில் தோற்றார். கோவிட் வருடத்துக்கும் வரியைக் கட்டிவிட்டு, திருப்பிக் கேட்டு மறுபடி வழக்காடினார். பேதுருவின் பதில் இங்கே அப்படியே பொருந்துகிறது: அந்நியனுக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை, அவனிடம் கேட்பது சுலபம்.

சபையில் ஓர் அண்ணாச்சி மன்ஹாட்டனில் சின்ன அலுவலகம் வைத்திருக்கிறார், உட்கார்ந்து வேலை பார்ப்பது நியூ ஜெர்சியின் எடிசனில். தன் கம்பெனியில் தானே எடுக்கும் சம்பளத்துக்கு நியூயார்க் வரி. நியூ ஜெர்சி அதைக் கழித்துக்கொள்வதால் அவருக்கு இரட்டைச் சுமை இல்லை; தெருவும் பள்ளிக்கூடமும் தருகிற மாநிலத்துக்குத்தான் நஷ்டம். "நமக்கென்னம்மா, யாருக்குப் போனா என்ன?" என்கிறார். எனக்கு இரண்டும் ஒன்றில்லை. ஆலன்டவுனுக்கு நான் கட்டுவது கடன். அவர் கட்டுவது மீன் வாயில் எடுத்த காசு, இடறல் வேண்டாம் என்று கொடுப்பது. கடன் இல்லை என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் இயேசுவும் கட்டச் சொன்னார். சொல்லாமல் கட்டுவது வேறு.

2023-இல் நியூ ஜெர்சி, இப்படி வழக்காடி வெளி மாநில வரியைத் திருப்பி வாங்குகிற தன் குடிகளுக்கு, 2020 முதல் 2023 வரையான வருடங்களுக்கு வரிச்சலுகை அறிவித்தது. அண்ணாச்சியிடம் சொன்னேன்: கட்டுங்கள், திருப்பிக் கேட்டு மனுவும் போடுங்கள், நியூயார்க்கில் அதற்கு மூன்று வருடம் அவகாசம் உண்டு, எடிசனில் எந்தெந்த நாள் உட்கார்ந்தீர்கள் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். காலண்டர் வாங்கிவிட்டார். மனு இன்னும் போடவில்லை.