வரவு வைக்கப்படும் வயது

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ஒரு பையன், பள்ளியை விட்டு நீங்காமலே, இனிமேல் சேரப்போகும் கல்லூரியின் பாடங்கள் சிலவற்றை முடித்துவிட முடிகிறது. பதினாறு, பதினேழு வயதில் அவன் படித்தது கல்லூரிக் கணக்கில் 'கிரெடிட்' ஆக ஏறிவிடுகிறது. கல்லூரிகளில் இப்படிப் பதிவு பெற்ற பள்ளிப் பிள்ளைகள் 2022-23இல் ஏறத்தாழ 25 லட்சம் பேர். வெறும் நிர்வாக ஏற்பாடு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவனைப் பார்த்து 'நீ அறிந்துகொண்டாய்' என்று சொல்ல யாருக்கு அதிகாரம், எதை நம்பி அவர் அப்படிச் சொல்கிறார் என்ற கேள்வி இந்த ஏற்பாட்டின் அடியில் கிடக்கிறது.

கிரெடிட் என்ற சொல்லின் லத்தீன் வேர் நம்புதலைக் குறிப்பது. நம் பேரேட்டு வழக்கில் அதற்கு வரவு என்று பெயர். எதிர்ப்பக்கத்தில் எழுதுவது பற்று. பாசத்துக்கும் அதே சொல் என்பது கணக்குப்பிள்ளைகளை என்றைக்கும் தொந்தரவு செய்ததில்லை. அமெரிக்கக் கல்வியில் நம்பிக்கை வரவாக மாறிய கதை விசித்திரமானது. 1905இல் ஆண்ட்ரூ கார்னெகி கல்லூரிப் பேராசிரியர்களுக்குப் பென்ஷன் தருவதற்காக ஒரு கோடி டாலர் கொடுத்து ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். கல்லூரிப் பேராசிரியருக்குத்தான் பென்ஷன் என்றால் கல்லூரி என்பது எது? அந்நாளில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே தெளிவான எல்லை கிடையாது. ஸ்தாபனம் சில நிபந்தனைகளை வகுத்தது. அவற்றில் ஒன்று, சேர வருகிற மாணவன் பள்ளியில் 14 'யூனிட்' முடித்திருக்க வேண்டும் என்று கல்லூரி கேட்க வேண்டும். ஒரு யூனிட் என்பது ஒரு பாடத்தில் வருஷத்துக்கு 120 மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்திருப்பது. படித்தது என்ன, புரிந்தது என்ன என்பதற்கு இந்த அளவையில் இடமில்லை. வயோதிகர்களின் ஜீவனத்துக்காக இழுக்கப்பட்ட கோடு, ஒரு பையனின் பள்ளி அறிவு எங்கே முடிந்து கல்லூரி அறிவு எங்கே தொடங்குகிறது என்று தீர்மானிக்கும் கோடாயிற்று.

இந்தக் கோடு எவ்வளவு தற்செயலானது என்பது நமக்கும் தெரியாததல்ல. 1978 வரை தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்தது. அடுத்த ஒரு வருஷம் கல்லூரியில் பி.யு.சி. அதன்பின் அந்தப் படிப்பு பள்ளிக்குள் போய் பிளஸ் டூ ஆயிற்று. விரிவுரையாளர் 'மிஸ்டர்' போட்டு அழைத்த அதே வயதுக்காரன் சீருடை மாட்டிக்கொண்டு பிரேயருக்கு வரிசையில் நின்றான். அவன் வயது மாறவில்லை. படித்ததும் பெரிதாக மாறிவிடவில்லை. அவன்மேல் வைக்கப்பட்டிருந்த நம்பிக்கையை ஓர் அரசாணை திரும்ப எடுத்துக்கொண்டது. பி.யு.சி.யை எழுதிக் கடந்தவர்களுக்கு இதன் சுவை ஞாபகமிருக்கும்.

அமெரிக்காவில் நடந்தது எதிர்த்திசையில். கோட்டைப் பள்ளிக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். ராபர்ட் ஹட்சின்ஸின் சிகாகோ பல்கலைக்கழகம் பள்ளியை முடிக்காத பையன்களையும் ஏற்கனவே சேர்த்துக்கொண்டிருந்தது. 1951இல் ஃபோர்டு ஃபவுண்டேஷனின் நிதியம் ஒன்று, பதினாறரை வயதுக்கு உட்பட்டவர்கள் சிகாகோ, கொலம்பியா, விஸ்கான்சின், யேல் பல்கலைக்கழகங்களில் சேர உதவித்தொகை தந்தது. ஏன் அந்த அவசரம்? கொரியாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கட்டாய ராணுவ சேவைக்கு இழுத்துக்கொள்ளப்படும் முன் இரண்டு வருஷமாவது கல்லூரி கிடைக்கட்டும் என்பது யோசனை. இதைக் கொடூரம் என்று சொல்லிவிட எனக்குத் தைரியம் இல்லை, கருணை என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. ஒரு சமூகம் தன் பிள்ளைகளின் காலத்தை மிச்சம் பிடிக்கும்போது, மிச்சம் பிடித்தது யாருக்கு என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

அடுத்த வருஷம் வந்த அறிக்கை இன்னொரு தளத்தைச் சேர்ந்தது. ஆண்டோவர், எக்ஸிடர், லாரன்ஸ்வில் என்ற வசதிமிக்க மூன்று பள்ளிகளும் ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேலும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. பள்ளியில் படித்ததையே பையன்கள் கல்லூரியில் மறுபடி படித்துச் சலித்துப்போகிறார்கள் என்பது அதன் முக்கியமான குறைகளில் ஒன்று. கென்யன் கல்லூரியின் தலைவர் கோர்டன் சால்மர்ஸ் முன்னின்ற மற்றொரு முயற்சியும் இதோடு சேர்ந்தது. 1955இல் காலேஜ் போர்டு அதை ஏற்றுக்கொள்ள, இன்று 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' என்று வழங்கும் பரீட்சை நிலைபெற்றது. பிளேஸ்மெண்ட் என்றால் இடம். தெரிந்ததைத் திரும்பப் படிக்காதே, மேல் வகுப்பில் போய் உட்கார், கடினமானதோடு மோது என்று பொருள். கிரெடிட் வேறு ரகம். தெரிந்ததைக் கழித்துக்கொண்டு சீக்கிரம் வெளியே போ, பணத்தையும் மிச்சம் பிடி என்கிறது அது. தொடக்கத்திலேயே இரண்டும் கலந்துதான் இருந்தன. கல்லூரிக் கட்டணம் ஏற ஏற இரண்டாவது முதலாவதை விழுங்கியது. டார்ட்மத் கல்லூரி 2014 முதல் சேருபவர்களுக்கு இந்தப் பரீட்சைக்காகப் பட்டத்துக்கான கிரெடிட் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தபோது, மேல் வகுப்பில் இடம் தருவதை மட்டும் வைத்துக்கொண்டது. அந்த முடிவில் மேட்டிமையும் உண்டு. ஆனால் பெயரின் பழைய அர்த்தம் ஒருவருக்காவது ஞாபகம் இருந்திருக்கிறது.

பரீட்சைக்கு வெளியே வேறு வழிகளும் முளைத்தன. கனெக்டிகட் பல்கலைக்கழகம் 1955இலேயே தன் பாடங்களைப் பள்ளிகளுக்குள் கொண்டுபோயிற்று. சிரக்யூஸ் பல்கலைக்கழகம் 1972இல் 'ப்ராஜக்ட் அட்வான்ஸ்' ஆரம்பித்தது. கடைசி வருஷத்துப் பிள்ளைகள் வேண்டியதை எல்லாம் முடித்துவிட்டுச் சோம்பிக் கிடக்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்று அக்கம்பக்கத்துப் பள்ளிக்காரர்கள் கேட்டதன் விளைவு. இங்கே பல்கலைக்கழகம் பள்ளி ஆசிரியரைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, தன் பாடத்தை அவர் கையில் ஒப்படைக்கிறது. அவர் போடும் மதிப்பெண் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண். 1985இல் மினசோட்டா மாநிலம் இன்னொரு வழியைச் சட்டமாக்கியது. கடைசி இரண்டு வருஷ மாணவர்கள் நேரே கல்லூரிக்குப் போய்ப் படிக்கலாம், செலவு அரசுடையது, பள்ளிக்கு வர வேண்டிய பணத்தில் ஒரு பங்கு பையனின் பின்னாலேயே போய்விடும். பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்ததில் ஆச்சரியம் இல்லை.

நிர்வாகிகள் இவற்றைச் செலவையும் வசதியையும் வைத்து ஒப்பிடுகிறார்கள். எனக்குப் படுகிற வித்தியாசம் வேறு. பரீட்சை யாரையும் நம்புவதில்லை. ஆசிரியர் யாராக இருந்தால் என்ன, பள்ளி எந்த மூலையில் இருந்தால் என்ன, விடைத்தாள் மட்டும் வரட்டும் என்கிறது. மினசோட்டா இடத்தை நம்புகிறது. கல்லூரிக் கட்டடத்துக்குள் நடப்பது கல்லூரிப் படிப்பு. சிரக்யூஸ் ஒரு மனிதரை நம்புகிறது. மூன்றிலும் சுலபமாக ஏமாறக்கூடியது இந்தக் கடைசி வழிதான், என் மனம் சாய்வதும் அதன் பக்கமே. நம்பும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்ட பிறகு கல்வியில் மனிதர்களுக்கு என்ன வேலை பாக்கி?

ஆனால் இந்தச் சாய்வோடு நிம்மதியாக இருந்துவிட முடியவில்லை. பரீட்சையில் ஐந்துக்கு ஒன்று வாங்கியவன் அதை எந்தக் கல்லூரிக்கும் அனுப்பாமல் இருந்துவிடலாம். யாரையும் நம்பாத அந்தப் பரீட்சை மறக்கத் தெரிந்தது. கல்லூரிப் பாடமாகவே படித்தவன் நிலை அப்படி இல்லை. பதினாறு வயதில், வீட்டில் ஏதோ கஷ்டத்தினாலோ, காதலினாலோ, வெறும் திமிரினாலோ அவன் கோட்டைவிட்ட மதிப்பெண் கல்லூரி ஏட்டில் நிரந்தரமாக ஏறிவிடுகிறது. பின்னால் அவன் எங்கே விண்ணப்பித்தாலும் அந்த ஏட்டைக் கேட்பார்கள். பெரியவனாக நம்பப்பட்டான், ஆகவே பெரியவனாகவே ஞாபகம் வைத்துக்கொள்ளப்படுகிறான். பள்ளிக்கூடம் என்ற ஸ்தாபனத்துக்கு நான் காணும் தார்மீக நியாயங்களில் ஒன்று, அங்கே செய்த தவறுகள் பெரும்பாலும் எங்கும் எழுதப்படாமல் போகும் என்பது. கணக்கில் வராத காலம் என்று ஒன்று மனிதனுக்கு வேண்டியிருக்கிறது. கவிதை எழுதுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; பதினாறு வயதில் எழுதிய நோட்டுப் புத்தகத்தை நம்மில் யார் பத்திரமாக வைத்திருக்கிறோம்? இத்திட்டங்களைப் புதிதாக நிறுவுகிறவர்கள் மிச்சமாகும் டாலரைப் பெற்றோரிடம் சொல்கிறார்கள். இழக்கப்படும் இந்த மறதியையும் அதே காகிதத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்பேன்.

இவ்வளவு எழுதியபின் என் வாதத்தை இடறுகிற ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 1974இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், லகுவார்டியா சமுதாயக் கல்லூரியின் வளாகத்துக்குள்ளேயே 'மிடில் காலேஜ்' என்று ஓர் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. ஜேனட் லீபர்மன் என்ற பேராசிரியை அதன் மூலகர்த்தா. ஆண்டோவரின் பையன்களை அவர் தேடவில்லை. படிப்பை நடுவில் விட்டுவிடுவார்கள் என்று முந்தைய பள்ளிகள் அடையாளம் காட்டிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். கெட்டிக்காரனுக்குப் பரிசாகத் தரப்பட்டதை, கைவிடப்பட்டவனுக்கு முதலிலேயே தந்துவிடுவது. தகுதியை நிரூபித்தபின் நம்புவது என்ற வரிசையை அவர் தலைகீழாக்கினார்.

மறதியைப் பற்றி நான் சொன்னது இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை. அவர்களுடைய பள்ளி எதையும் மறந்திருக்கவில்லை. வராத நாட்கள், தோற்ற பாடங்கள், ஆலோசகரின் குறிப்புகள் எல்லாம் ஏற்கனவே எழுதப்பட்டாயிற்று, எல்லாம் பற்றுப் பக்கத்தில். கணக்கில் வராத காலம் என்ற சௌகரியம் யாருக்கு இருந்தது என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அந்தப் பிள்ளைகள் காலையில் தங்களைவிட மூத்தவர்களோடு அதே வாசலில் நுழைந்தார்கள், அதே நூலகத்தில் உட்கார்ந்தார்கள். சிலர் கல்லூரி வகுப்புகளிலும் பெயர் கொடுத்தார்கள். அவர்கள் பெயருக்கு எதிரே வரவு என்று ஒன்று எழுதப்பட்டது அங்கேதான்.