வெட்டும்போது கேட்கிற கேள்வியை நடும்போது கேட்போம்!



"பச்சை மரத்தை வெட்டினால் பாவமா?"

இந்தக் கேள்வியை மாதத்திற்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். நான் இருபத்தைந்து வருஷமாக நர்சரியில் கன்று வளர்த்து விற்கிறவன். வீட்டை இடித்துக் கட்டுகிறவர் கேட்கிறார். கார் நிறுத்த இடம் போதாதவர் கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோடு வாக்குவாதம் பண்ணிவிட்டு நேராக என்னிடம் வந்தவரும் கேட்கிறார். எல்லாருமே அரிவாளைத் தீட்டிய பிறகுதான் கேட்கிறார்கள்! கன்று வாங்க வந்த அன்று ஒருவராவது இதைக் கேட்டதுண்டா? இல்லை.

கனி கொடுக்கிற மரம், கனி கொடாத மரம் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். மரத்தை உவமையாகவே பேசிப் பழகிவிட்டோம். இன்று ஒரு மாறுதலுக்கு மரத்தை மரமாகவே பார்ப்போம். உங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிறதே, அந்த மரத்தைத்தான் சொல்கிறேன்.

பொத்தாம்பொதுவாகப் பதில் இல்லை

உபாகமம் 20-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஒரு பட்டணத்தை முற்றுகை போட்டிருக்கிற யுத்த காலத்திலும் கனிமரங்களின்மேல் கோடரியை ஓங்கக்கூடாது என்று அங்கே கட்டளை இருக்கிறது. ஆனால் புசிக்கிற கனி தராத மரத்தை முற்றுகை வேலைக்கு வெட்டிக்கொள்ளலாம் என்றும் அங்கேயே இருக்கிறது. கவனித்தீர்களா? "எதையும் வெட்டாதே" என்றும் இல்லை, "உன் இஷ்டம்போல் வெட்டு" என்றும் இல்லை. எந்த மரம், என்ன அவசியம் என்று நின்று நிதானித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. யுத்தத்திலேயே அந்த நிதானம் வேண்டுமானால், இலை குப்பை விழுகிறது என்று வெட்டக் கிளம்புகிற நமக்கு எவ்வளவு நிதானம் வேண்டும்!

ஒரு வேப்பமரம்

எனக்குத் தெரிந்த ஒரு விதவைச் சகோதரியின் வீட்டில் பெரிய வேப்பமரம் ஒன்று இருந்தது. மகள் பிறந்த வாரத்தில் அவருடைய கணவர் நட்டது. காம்பவுண்டு சுவருக்கு ஒன்றரை அடி தள்ளி வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அது பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்மேல் சாய்ந்துவிட்டது. அந்த வீட்டில் கைக்குழந்தை. "அக்கா, காத்தடிச்சா ராத்திரியெல்லாம் நாங்க தூங்கறதில்ல" என்று அந்தத் தாய் மரியாதையாகத்தான் சொன்னாள்.

நான் போய்ப் பார்த்தேன். மேலே இலை நல்ல பச்சை. கீழே அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான். சுத்தியால் தட்டினேன், உள்ளே கூடு விழுந்த சத்தம். சுவர்ப் பக்கம் வேருக்குப் பிடிமானமே இல்லை. வெட்டத்தான் வேண்டும் என்று சொன்னேன். அவர் அழுதுவிட்டார். "பிரதர், இதை வெட்டினா அவரையே வெட்டுற மாதிரி இருக்கு" என்றார்.

"சிஸ்டர், அவர் இன்னிக்கு உயிரோட இருந்தா, அந்தப் பிள்ளை தலைமேல இது விழட்டும்னு விட்டிருப்பாரா?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சரியென்றார். மரத்தை அறுத்தபோது உள்ளே ஒரு ஆள் கையை முழங்கை வரை விடுகிற அளவுக்குப் பொந்து. மறுவாரம் அவரே வந்து ஒரு நெல்லிக்கன்று கேட்டு வாங்கி, சுவரிலிருந்து 12 அடி தள்ளி நட்டார்.

அந்த மரத்தை வெட்டினது பாவமா? இல்லை என்றே நான் நம்புகிறேன். நம்முடைய நினைவு எவ்வளவு அருமையாக இருந்தாலும், அதன் பாரத்தை அடுத்தவன் கூரை சுமக்கவேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இதற்கு நேர்மாறானதையும் சொல்லவேண்டும். சில வருஷங்களாகத் தென்மாநிலங்களில் வேப்பமரங்கள் நுனி கருகி, தீயில் வாட்டினதுபோல நின்றதைப் பார்த்திருப்பீர்கள். பூஞ்சையும் சாறு உறிஞ்சுகிற பூச்சியும் சேர்ந்து செய்கிற வேலை அது. "மரம் செத்துப் போச்சு" என்று அவசரப்பட்டு வெட்டினவர்கள் உண்டு. பொறுத்திருந்தவர்கள் வீட்டில் அநேக மரங்கள் மறுபடியும் துளிர்த்தன. ஆகவே பச்சையாக இருப்பதெல்லாம் சுகமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கருகினதெல்லாம் செத்ததென்றும் அர்த்தமில்லை. பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக ஈரம் இருந்தால் அந்தக் கிளையில் உயிர் இருக்கிறது.

உண்மையான தவறு எங்கே?

அந்த வேப்பமரத்தின் முடிவு நட்ட அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது. ஒன்றரை அடி! அன்பு குறைவாக இருந்ததால் அல்ல. இருபது வருஷத்துக்கு அப்புறம் இந்த மரம் எவ்வளவு பெரிதாகும் என்று யாரும் கேட்காததால் வந்தது.

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கினபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. வேர் ஓட மண் இல்லாமல், நாலு பக்கமும் சிமெண்டும் தாருமாக நெருக்கப்பட்ட மரங்கள் எத்தனை! சீக்கிரம் வளர்ந்து நிழல் தரும் என்று நட்ட, கிளை எளிதில் முறிகிற மரங்கள் எத்தனை! கோனோகார்பஸ் என்ற செடியையும் சீக்கிரம் பச்சைப்பசேல் என்று வளருகிறது என்பதற்காகவே ஊரெல்லாம் வைத்தார்கள். குஜராத் அரசு 2023-ல் அதை நடக்கூடாது என்று தடை போட்டது. சீக்கிரம் வேண்டும் என்கிற ஆசைக்குப் பின்னால் ஒரு கணக்கு வந்தே தீரும். அந்தக் கணக்கை அநேகமாக நாம் கட்டமாட்டோம். நம் பிள்ளைகளும் பக்கத்து வீட்டாரும்தான் கட்டுவார்கள்.

அப்படியானால் எப்படித் தெரிந்தெடுப்பது?

1. முதலில் இடத்தைப் பாருங்கள், அப்புறம் கன்றைப் பாருங்கள். மா, வேம்பு போன்ற பெரிய மரத்துக்குச் சுவரிலிருந்து 15 அடியாவது வேண்டும். இடம் சிறியதா? கொய்யா, மாதுளை, எலுமிச்சை, சீதா இருக்கிறது. மேலே கரண்டு கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். அரசையும் ஆலையும் வீட்டு ஓரத்தில் வைக்கவே வேண்டாம்.

2. உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். என்னிடம் வருகிறவர்கள் கை நீட்டுவது உயரமான கன்றுக்குத்தான். சின்னப் பைக்குள் ரொம்ப நாள் கிடந்த கன்றின் வேர், போக வழியில்லாமல் உள்ளேயே சுருண்டு வட்டமாகிவிடும். அதை அப்படியே நட்டால், பல வருஷம் கழித்து அந்த வேரே அடிமரத்தை இறுக்கும். பையின் அடியில் தடித்த வேர் துருத்திக்கொண்டு இருந்தால் விட்டுவிடுங்கள். குட்டையாக, தண்டு உறுதியாக, இலை தெளிவாக இருக்கிற கன்றே நல்ல கன்று.

3. ஒட்டுமாங்கன்று என்றால் ஒட்டுக்கட்டின இடம் நன்றாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நடும்போது அந்த இடம் மண்ணுக்கு மேலேயே இருக்கவேண்டும். அதற்குக் கீழே துளிர் வந்தால் கிள்ளிவிடுங்கள். விட்டால் ஒட்டை மீறி அடிக்கன்றே வளர்ந்துவிடும்.

முதல் மூன்று வருஷம்

3 அடிக் குழி வெட்டி, மேல்மண்ணோடு மக்கின தொழுவுரம் கலந்து நடுங்கள். அடித்தண்டைச் சுற்றி மண்ணைக் குவிக்காதீர்கள், பட்டை அழுகும். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட, சில நாளுக்கு ஒருமுறை வேர் இறங்குகிற ஆழத்துக்கு நனைப்பது நல்லது. காய்ந்த இலையை எரிக்காமல், தண்டைத் தொடாதபடி நாலு விரல் தள்ளி மூடாக்காகப் போடுங்கள். ஊன்றுகோலைத் தளர்வாகக் கட்டுங்கள். கன்று நிலைத்த பிறகு மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள்.

ஒட்டுமா முதல் மூன்று வருஷத்திலேயே பூ விட்டால் அதைக் கிள்ளிவிடவேண்டும் என்பது விவசாயிகள் அறிந்த காரியம். மரம் முதலில் மரமாக வளரட்டும். கைக்கு எட்டுகிற பூவைக் கிள்ளுவது மனதுக்குக் கஷ்டமாய்த்தான் இருக்கும். லேவியராகமம் 19-ம் அதிகாரத்திலும் நட்ட மரத்தின் கனியை முதல் மூன்று வருஷம் புசிக்கலாகாது என்ற பிரமாணம் உண்டு. அதன் காரணம் தோட்ட வேலை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நட்டவன் உடனே அனுபவிக்க ஓடக்கூடாது என்கிற பாடம் இரண்டிலும் இருக்கிறது.

காயம் ஆறுவதில்லை

அமெரிக்க வனத்துறையில் பணிசெய்த அலெக்ஸ் ஷைகோ (1930–2006) என்ற ஆராய்ச்சியாளர், ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்த்தவர். அவர் கண்டது என்ன? நம் தோலைப்போல மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. கெட்டுப்போன பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி, அதை அடைத்துவிட்டு, மேலே புதிதாக வளருகிறது. காயம் உள்ளேயே கடைசி வரை இருக்கிறது!

இதை அறிந்த பிறகும் விளம்பரப் பலகைக்கு ஆணி அடிக்கலாமா? கொடிக்கம்பியை மரத்தில் இறுக்கிக் கட்டலாமா? உச்சியை மொட்டையடித்தால் வருகிற புதுக்கிளைகள் பிடிப்பில்லாமல் ஒட்டி நின்று காற்றில் முறியும். கிளையை எடுக்கவேண்டுமானால், முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்குங்கள். மீதியை, கிளை புறப்படுகிற இடத்தில் இருக்கும் வீக்கத்தைக் காயப்படுத்தாமல் அறுங்கள். பொந்தில் சிமெண்டு பூசுகிற பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்டை அகற்றும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. நம் முற்றத்துக்கு அந்த உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

பிரியமானவர்களே, மரம் நடுகிறவன் மூன்று பேருக்கு வாக்குக் கொடுக்கிறான்: பக்கத்து வீட்டானுக்கு, இனி பிறக்கப்போகிற பிள்ளைக்கு, வாய் பேசாத அந்த மரத்துக்கு. மூவரில் ஒருவரும் நடுகிற அன்று எதிரே நின்று எதையும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் அவர்களுக்காக நாம் கேட்கவேண்டியிருக்கிறது. "இது எவ்வளவு பெரிதாகும்? யார் கூரைமேல் நிழல் விழும்? எனக்கு அப்புறம் இதை யார் பார்ப்பார்கள்?"

இந்த மழைக்காலத்தில் கன்று வாங்கப் போகிறீர்களா? மண்வெட்டியை எடுக்குமுன் ஒரு சாயங்காலம் முற்றத்தில் நின்று இந்த மூன்று கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்டு நட்ட மரத்தைப் பார்த்து "வெட்டினால் பாவமா?" என்று கேட்கிற நாள் நம் பிள்ளைகளுக்கு வராதிருப்பதாக!