வழி கேட்பவனும் வழி சொல்பவனும்

'சிம்பாங்' என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சாலை பிரியும் இடம் என்பது பொருள். ஜொகூரின் சிம்பாங் ரெங்கம் அப்பெயர் தாங்கிய ஊர். சாலை பிரியும் இடத்தில் வழிப்போக்கன் யாரை நம்பி வழி கேட்பது? அயல்நாடு செல்லும் ஒவ்வொருவன் முன்னும் நிற்கும் வினா இதுவே.

எவரையும் நம்பாதே என்பர் பெரியோர். அதற்குக் காரணம் உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஆசை வார்த்தையாலும் வற்புறுத்தலாலும் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாமுக்கு இரயில் பாதை போடச் சென்ற தமிழருள் பல்லாயிரவர் மீளவில்லை. 2022இல், உயர்ந்த சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் சென்ற மலேசிய இளைஞர் பலர் மோசடிக் கும்பல்களிடம் சிறைப்பட்டனர். காலம் மாறியது, தூண்டிலில் கோத்த இரை மாறவில்லை.

ஆயினும், எவரையும் நம்பாதவன் அயலூரில் ஒரு வாய் நீரும் பருக இயலாது. எனவே ஐயம் கொள்வதிலும் முறை வேண்டும். ஒருவரின் நிறத்தையும் மொழியையும் ஐயுறுதல் பேதைமை. அவர் கேட்கும் பொருளை ஐயுறுதல் அறிவு. கடப்பிதழைக் கொடு என்பவரிடம் விழிப்பு வேண்டும். உரிய அதிகாரமின்றிப் பிறர் கடப்பிதழை வைத்திருத்தல் மலேசியாவின் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்.

அச்சட்டம் ஊராருக்கும் ஒரு கடமையை உணர்த்துகிறது. சிம்பாங் ரெங்கம் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இம்மண்ணே அயல்நாடு. அவனது பாதுகாப்பில் பாதி அவன் விழிப்பைச் சார்ந்தது. மறுபாதி ஊராரின் நேர்மையைச் சார்ந்தது. அன்று கடல் கடந்து வந்து வழி கேட்டவர்களின் பேரர்கள், இன்று வழி சொல்லும் இடத்தில் நிற்கின்றனர்.