பெண்களை இருட்டும்வரை காக்க வைக்காதீர்கள்



"தொழுகிற வீட்டை ஒட்டிக் கழிப்பறையா? அசுத்தமாச்சே!" என்று நம் கிராமங்களில் இன்னும் சொல்கிறார்கள். 2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் வாங்கிக் கட்டிய கழிப்பறையில்கூட சில வீடுகளில் விறகு அடுக்கியிருக்கிறது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஆரம்பத்தில் அவர்களும் வீட்டருகே கழிப்பிடம் இருப்பதைத் தொல்லையாகவே நினைத்தார்கள். பெண்கள் ஊருக்கு வெளியே, இரவில் மட்டுமே போவார்கள். ஓர் இரவு போனால் மறுபடி அடுத்த இரவுதான். பிறகு வீடுகளுக்கு அருகிலேயே கழிப்பிடங்கள் வந்தன. இது புகாரியில் பதிவாகியுள்ள செய்தி. பழக்கத்தை மாற்ற அந்த உத்தமர்கள் தயங்கவில்லை. நமக்கென்ன தயக்கம்?

இன்றும் இருட்டும்வரை அடக்கிக்கொள்ளும் பெண்கள், அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். அந்த வேதனைக்கு நாளை அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆண்களாகிய நாம்.

மக்கள் நடக்கும் பாதையிலும் நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்தைத் தேடித்தரும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (நூல்: முஸ்லிம்).

'குழி நிறைந்துவிடுமே' என்று பயப்படாதீர்கள். இரட்டைக் குழி அமைத்தால், ஒன்று நிறைந்ததும் மற்றதற்கு மாற்றிவிடலாம். மூடிய குழியில் உள்ளது ஓரிரு ஆண்டில் மக்கி உரமாகிவிடும்.

சகோதரர்களே! இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் அந்த விறகை வெளியே எடுங்கள். கட்ட வசதியில்லாத ஏழை வீடு உங்கள் தெருவில் இருந்தால் ஜமாஅத்தில் சொல்லுங்கள், சேர்ந்து கட்டிக்கொடுப்போம்.

தூய்மையானவர்களை நேசிக்கும் அல்லாஹ், நம்மை அவர்களில் ஆக்குவானாக! ஆமீன்.