அணுவின் சாட்சியம்

மனிதன் செய்துவைத்த ஏற்பாடுகளுக்கு இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பது பழைய வழக்கம். முடியாட்சிக்குத் தேனீக்கூட்டைக் காட்டினார்கள். பிறப்பால் வரும் உயர்வு தாழ்வுக்கு அணுவைக் காட்டுவதையும் நான் கேட்டிருக்கிறேன்: எலெக்ட்ரான்களே தத்தம் கூட்டில்தானே இருக்கின்றன, மனிதனுக்கு மட்டும் படிநிலை ஆகாதா?

இந்தத் தர்க்கத்தை அதன் சொந்த மண்ணிலேயே பரிசீலிக்கலாம். 1913இல் நீல்ஸ் போர் எலெக்ட்ரான்களுக்குக் குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்களை வகுத்தார். அவை எல்லாமே ஏன் மிகத் தாழ்ந்த மட்டத்தில் போய்க் குவிந்துவிடவில்லை? 1925இல் வுல்ஃப்காங் பௌலி பதில் சொன்னார்: ஓர் அணுவில் இரண்டு எலெக்ட்ரான்கள் முற்றிலும் ஒரே நிலையில் இருக்க முடியாது. ஒரு நிலையைக் குறிப்பவை நான்கு குவாண்டம் எண்கள். அனுமதிக்கப்பட்ட நிலைகளை எண்ணிப் பார்த்தால், கூடுகளின் கொள்ளளவு 2, 8, 18 என்று தானாகவே வந்துவிடுகிறது.

இதில் 'தாழ்ந்த' என்பது ஆற்றலின் அளவு; மதிப்பு அல்ல. எல்லா எலெக்ட்ரான்களுக்கும் நிறை ஒன்றே, மின்னூட்டமும் ஒன்றே. ஹீலியத்தின் இரண்டில் 'இது', 'அது' என்று அடையாளமிட வழியில்லை. இடங்கள்தாம் வேறு வேறு. எந்த இடமும் எந்த எலெக்ட்ரானுக்கும் பிறப்புரிமை ஆகாது. சோடியத்தின் வெளிக்கூட்டிலுள்ள ஒற்றை எலெக்ட்ரான் குளோரினின் காலியிடத்துக்குப் போகிறது, உப்பு உண்டாகிறது. எங்கிருந்து வந்தாய் என்று யாரும் விசாரிப்பதில்லை.

அப்படியானால் அணு சமத்துவத்துக்குச் சாட்சியா? அப்படிச் சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆசையாக இருப்பதாலேயே சந்தேகப்படுகிறேன். எலெக்ட்ரானால் விதியை மீற முடியாது. ஆகவே அது விதிக்குக் கீழ்ப்படிகிறது என்பதற்கும் பொருளில்லை. மீறக்கூடியவனிடம்தான் அறம் பற்றிப் பேச முடியும்.

1967இல் ஃப்ரீமன் டைசனும் ஆண்ட்ரூ லெனார்டும் பருப்பொருளின் நிலைபேற்றைக் கணிதத்தால் நிறுவினார்கள். அதற்கு அவர்களுக்கு பௌலியின் விதி இன்றியமையாததாக இருந்தது. நம் காலடியிலுள்ள நிலம் அந்த விதியின் மேல் நிற்கிறது. நம் சமூகப் படிகளுக்கு அப்படி ஓர் ஆதாரம் கிடையாது. அவற்றை நாம் கட்டினோம், இன்றும் தாங்கிக்கொண்டிருக்கிறோம். ஒருவனை வாசலுக்கு வெளியே நிறுத்தும்போது நிறுத்துகிறவர்கள் நாம். அந்தக் கணக்கில் அணுவை இழுப்பது, பொறுப்பிலிருந்து தப்பிக்கப் பார்ப்பதுதான்.