ஒருத்திக்கு என்ன சமையல்?

நம் வீடுகளில் வயதான பெண்மணிகள் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. "எனக்கு ஒருத்திக்கு என்ன சமையல்?" என்பதுதான் அது. பிள்ளைகள் வேலை தேடி ஊரைவிட்டுப் போன பிறகும், கணவன் காலமான பிறகும் இந்த வார்த்தை அவர்கள் வாயிலிருந்து மிகச் சாதாரணமாக வருகிறது. கேட்கிற நாமும் சாதாரணமாகவே கேட்டுக்கொள்கிறோம். 'தனக்கென்று எதுவும் வேண்டாத மனசு' என்று உள்ளுக்குள் மெச்சிக்கொள்வதும் உண்டு. நானும் அப்படி மெச்சிக்கொண்டிருந்தவன்தான். சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள், பகல் பன்னிரண்டரை மணிக்கு மயிலாடுதுறையில் என் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அன்றோடு அந்த மெச்சுதல் என்னை விட்டுப் போயிற்று.

அத்தான் தை மாதத்தில் காலமானார். பிள்ளைகள் இருவரும் வந்தார்கள், இருந்து எல்லாம் செய்தார்கள், திரும்பிப் போனார்கள். பெரியவன் இருப்பது பெங்களூரில், சின்னவன் இருப்பது கடல் கடந்து. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "எங்களோடு வந்துவிடு அம்மா" என்று இருவருமே அழைத்தார்கள். அக்காதான், "ஒரு வருஷம் போகட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

துக்கம் நேர்ந்த வீட்டு வழக்கம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். உறவினர் வீட்டிலிருந்தோ அண்டை வீட்டிலிருந்தோ சாப்பாடு வரும். பசிக்கவில்லை என்று சொன்னாலும் விடாமல், யாராவது ஒரு பெரியவள் கையைப் பிடித்து இலை முன் உட்கார வைப்பாள். அழுகிறவளுக்குப் பசிக்கும் என்பதை அறிந்த சமூகம் நம்முடையது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தியும் முடிந்து, வாடகைப் பாத்திரங்களைக் கழுவித் திருப்பி அனுப்பிவிடுகிறோம். ஆனால் பதினேழாம் நாள் காலையில் அந்த வீட்டு அடுப்பை யார் மூட்டுவது, யாருக்காக மூட்டுவது என்ற கேள்வி இருக்கிறதே, அதற்கு நம் வழக்கத்தில் இடமே இல்லை. அந்தக் காலையில் அவள் தனியாகத்தான் சமையலறைக்குள் போகிறாள்.

நான் போன அன்று அக்கா கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் முதல் நாள் சோறு. அதில் மோர் ஊற்றிக் கரைத்திருந்தாள். ஓரத்தில் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய். என்னைக் கண்டதும் தட்டைக் கையால் மறைக்காத குறையாக எழுந்துவிட்டாள்.

"வாடா தம்பி, ஒரு போன் பண்ணக் கூடாதா? உட்காரு, இதோ உலை வைத்துவிடுகிறேன்."

"நீ சாப்பிட்டு முடி அக்கா, அவசரமில்லை."

"இது கிடக்கட்டும், போ!"

முக்கால் மணி நேரத்தில் சோறு வடிந்துவிட்டது. சுண்டைக்காய் வற்றல் குழம்பு, பருப்புத் துவையல், பொரித்த அப்பளம், வெள்ளரிப்பிஞ்சுப் பச்சடி எல்லாம் வந்து சேர்ந்தன. எழுபது வயதை நெருங்கும் கால்கள் அடுப்படிக்கும் அலமாரிக்கும் எப்படி ஓடின என்று எனக்கே வியப்பாக இருந்தது. ஐந்து மாதமாக அந்தக் கை எதையும் மறந்துவிடவில்லை. வீட்டில் பருப்பு இருந்தது; வற்றல் இருந்தது; எண்ணெய் இருந்தது. இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: சாப்பிட ஆள்.

"நான் வராமல் இருந்திருந்தால்?" என்று கேட்டேன்.

"வராமல் இருந்திருந்தால் மோர்ச்சோறு. எனக்கு ஒருத்திக்கு என்ன சமையல்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் கேட்டேன். "உனக்கு என்ன பிடிக்கும் அக்கா?"

அவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். அத்தானுக்கு வெண்டைக்காய் மொறுமொறுப்பாக வதங்க வேண்டும் என்றாள். பெரியவனுக்கு உருளைக்கிழங்கு இருந்தால் வேறொன்றும் வேண்டாம் என்றாள். சின்னவனுக்குப் புளிப்புத் தூக்கலாக வேண்டும் என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. நின்றுவிட்டாள். எதையோ வைத்த இடம் தெரியாமல் தேடுகிறவள் போல என்னைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வருஷம் ஒரு வீட்டுக்குச் சமைத்தவளுக்குத் தன் நாக்கு என்ன கேட்கும் என்பது தெரியவில்லை. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால், அந்த நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் கையால் நூறு தடவையாவது சாப்பிட்டிருப்பேன். இந்தக் கேள்வியை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் இதைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். தனக்காக ஒருவர் சமைத்துக்கொள்வது அறமா, அல்லது வெறும் நாக்குச் சபலமா? கேள்வி சின்னதாகத் தோன்றலாம். ஆனால் நம்முடைய நூல்கள் இதில் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால் அவ்வளவு சின்னதல்ல என்று தெரியும். தனித்து உண்பதை நம் முன்னோர் கொஞ்சமும் விரும்பவில்லை. அமிழ்தமே கிடைத்தாலும் தனியாக உண்ணாதவர்கள் இருப்பதனால்தான் உலகம் நிலைத்திருக்கிறது என்று புறநானூற்றில் ஒரு பாண்டியன் பாடி வைத்திருக்கிறான். பிச்சை எடுப்பதைக் காட்டிலும் கொடியது தனியாக உண்பது என்கிறார் வள்ளுவர்.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை இன்னும் கடுமையானது. அவன் மதுரையில் பிச்சை எடுத்துக் குருடருக்கும் முடவருக்கும் ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்குகிறவன். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்ற பாத்திரம் சிந்தாதேவியின் அருளால் அவனுக்குக் கிடைக்கிறது. பின்பு நாடெங்கும் மழை பொழிந்து, பசிக்கிறவர்களே இல்லாமல் போய்விடுகிறார்கள். பஞ்சத்தில் தவிக்கும் சாவக நாட்டைத் தேடிக் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை மறந்துவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு. கையில் உலகத்துக்கே சோறு போடும் பாத்திரம். ஆயினும் ஊட்டுவதற்கு ஒருவரும் இல்லாத இடத்தில் தன் உயிரை மட்டும் அதைக் கொண்டு காப்பாற்றிக்கொள்ள அவன் மனம் ஒப்பவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் இருந்து உயிரை விடுகிறான்.

பள்ளிக்கூட நாட்களில் இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது நினைத்தால் வேறொரு காட்சி கண்முன் வருகிறது. தை மாதம் முதல் என் அக்கா இருந்தது மணிபல்லவத்தில்தான். கப்பல் போய்விட்டது. பாத்திரம் கையில் இருக்கிறது. ஊட்டுவதற்கு ஆள் இல்லை.

ஆபுத்திரனை நான் குறைத்துப் பேசவில்லை. அவன் துறவி, தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொண்டவன். ஆனால் அக்காவும் அவளைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களும் துறவு பூண்டதாக யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் செய்வது துறவு அல்ல, பழக்கம். எல்லோரும் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு உட்கார்ந்து, மிஞ்சியதை உண்டு, மிஞ்சாத நாளில் மோரோடு முடித்துக்கொண்ட பழக்கம். 'மிச்சம் இருந்தால் எனக்கு' என்றே நாற்பத்தைந்து வருஷம் வாழ்ந்தவளுக்கு, மற்றவர்கள் இல்லாத வீட்டில் மிச்சம் என்று ஏதும் இருக்க முடியாதல்லவா?

இந்தப் பழக்கத்துக்கு உடம்பு விலை கொடுக்கிறது. தேநீரும் ரொட்டியுமாகவே காலத்தைத் தள்ளும் முதியவர்களுக்கு இரத்தத்தில் உப்புக் குறைந்து, தலைசுற்றலும் தடுமாற்றமும் வந்துவிடுவதை மருத்துவர்கள் அறிவார்கள். நம் ஊரில் தேநீருக்குப் பதில் காப்பி, ரொட்டிக்குப் பதில் மோர்ச்சோறு. 'வயசாகிவிட்டது, அதனால் தள்ளாமை' என்று நாம் சொல்லும் தள்ளாமையில் ஒரு பங்கு வயதினால் வருவதல்ல, பருப்பும் காயும் இல்லாத தட்டினால் வருவது.

வள்ளுவரிடம் மறுபடியும் போனேன். தனித்து உண்பதைக் கொடியது என்று அவர் சொன்ன இடம் ஈகை அதிகாரம். சேர்த்து வைக்கும் ஆசையால், கொடுக்க மனமில்லாமல் தனித்து உண்கிறவனைத்தான் அங்கே கண்டிக்கிறார். ஆள் இல்லாததால் தனித்து உண்ண நேர்ந்தவளை அல்ல. பசித்தவன் வாசலில் நிற்கக் கதவைச் சாத்திக்கொண்டு உண்பது வேறு. வாசலில் யாரும் இல்லாதபோது விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு உண்பது வேறு. இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிட்டோம். நம் பெண்களையும் மறக்கச் செய்துவிட்டோம்.

இல்வாழ்க்கை அதிகாரத்தில் இல்லறத்தான் பேண வேண்டிய ஐந்தைக் கணக்கிட்டுச் சொல்கிறார் அவர். இறந்துபோன முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் என்று நால்வரைச் சொல்லிவிட்டு, ஐந்தாவதாகத் தன்னையும் சேர்க்கிறார். கடைசியில்தான் சேர்க்கிறார், ஆனாலும் சேர்த்துவிட்டார். என் அக்கா அத்தானின் படத்துக்குப் பூ வைக்கத் தவறியதில்லை. மாடத்தில் விளக்கு ஏற்றத் தவறியதில்லை. விருந்தாளியாகப் போன எனக்கு முக்கால் மணியில் சமைத்துப் போட்டாள். பிள்ளைகளுக்குப் பொடியும் வற்றலும் பொட்டலம் கட்டி அனுப்புகிறாள். நான்கு கடனையும் குறைவில்லாமல் செலுத்திவிட்டு ஐந்தாவதை மட்டும் விட்டுவிடுகிறாள். மற்ற நான்கில் ஒன்றை விட்டிருந்தால் ஊர் அவளைக் குறை சொல்லியிருக்கும். ஐந்தாவதை விட்டதற்கு ஊர் புகழ்கிறது.

இதையெல்லாம் அக்காவுக்குக் கடிதமாக எழுதினேன். கூடவே ஒன்றைக் குறிப்பிட்டேன். 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' என்ற நூலை வெளியிட்டார். புக்ககம் போகும் பெண்ணுக்கு அதைக் கையில் கொடுத்து அனுப்புவது எத்தனையோ குடும்பங்களில் வழக்கமாயிற்று. ஒரு வாழ்க்கையிலிருந்து இன்னொரு வாழ்க்கைக்குப் போகிறவளுக்குத் துணை வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் நிறைந்த வீட்டிலிருந்து காலி வீட்டுக்கு வருவதும் அப்படி ஒரு பயணம்தானே? அந்தப் பயணத்துக்கு நாங்கள் உன் கையில் ஒன்றும் கொடுத்தனுப்பவில்லையே என்று எழுதினேன்.

ஐப்பசியில் ஒரு நாள் இரவு அக்கா போன் செய்தாள். குரலில் ஒரு தயக்கம் இருந்தது.

"ஒருத்திக்குச் சமைப்பது கஷ்டம்டா தம்பி. உனக்கு எழுதத் தெரியும், சமைக்கத் தெரியாது. நாலு பேருக்கு வைக்கிற தண்ணீர்க் கணக்கு ஒருத்திக்கு உதவாது. அரை ஆழாக்கு அரிசி போட்டால், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் எல்லாம் ஆவியாய்ப் போய்விடுகிறது. நாலைந்து நாள் விறைத்த சோறுதான் சாப்பிட்டேன். மிக்ஸியில் துவையல் அரைத்தால் பக்கத்தில் அப்பிக்கொண்டு சுற்றவே மாட்டேன் என்கிறது."

உண்மைதான். எவ்வளவு குறைவாக அரிசி போட்டாலும் பாத்திரத்தின் வாய் அதேதானே? வெளியேறும் ஆவி அவ்வளவாகக் குறைவதில்லை. நாற்பத்தைந்து வருஷத்து அனுபவம் முழுவதும் அங்கே பயனில்லாமல் போய், அவள் புதுப்பெண் போல மறுபடியும் கற்க வேண்டியிருந்தது.

சற்றுப் பொறுத்துச் சொன்னாள்: "இன்றைக்குப் பாகற்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா வைப்பாளே, வெல்லம் போடாமல், அந்த மாதிரி. உன் அத்தானுக்குக் கசப்பு ஆகாது. அதனால் இந்த வீட்டில் வைத்ததே இல்லை. வைத்து, இலை போட்டுச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. ஆனால் ஏதோ தப்புப் பண்ணின மாதிரியும் இருந்தது."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. அவர் இருந்தால் வைத்திருக்க முடியாத குழம்பு. அவர் இல்லாததனால் கிடைத்த ருசி. அதை அனுபவிப்பது அவருடைய மரணத்தால் லாபம் அடைவது போல அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் ஒன்று மட்டும் கேட்டேன்: "நீ கேட்டிருந்தால் அத்தான் வேண்டாமென்று சொல்லியிருப்பாரா?" அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சொல்லியிருக்க மாட்டார்டா. நான்தான் கேட்டதே இல்லை" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. ஆனால் அது தை மாதத்து அழுகை அல்ல.

தனக்காகச் சமைத்துக்கொண்டால் தனிமை தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருத்தியின் இலைக்கு எதிரே இன்னோர் இலை இல்லாத குறையை எந்தக் குழம்பும் நிரப்பாது. 'அம்மா நன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறாள்' என்று பிள்ளைகள் நிம்மதியாக இருந்துவிடுவதற்கும் இது சாக்கு ஆகக் கூடாது. நான் சொல்வது இவ்வளவுதான்: பிறருக்கு ஊட்டிய கைக்குத் தன் வாயும் ஒரு வாய்தான். அதைப் பட்டினி போடுவதை நாம் தியாகம் என்று புகழ்ந்து கொண்டிருந்தால், அந்தப் பட்டினியில் நமக்கும் பங்கு உண்டு.

கார்த்திகையில் மறுபடியும் மயிலாடுதுறைக்குப் போனேன். இந்தத் தடவையும் சொல்லிக்கொள்ளாமல்தான் போனேன். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நல்ல வேளைக்குத்தான் வந்தாய். கை கால் கழுவிக்கொண்டு வா. இன்றைக்குப் பாகற்காய்."

"எனக்குக் கசப்பு ஆகாதே அக்கா, மறந்துவிட்டாயா?"

"மறக்கவில்லை. இன்றைக்கு எனக்காக வைத்தது. உனக்கு வேண்டுமானால் இரண்டு அப்பளம் பொரித்துப் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு இலைகளை எதிரெதிராகப் போட்டாள். ஒன்றின் முன்னால் அவளே முதலில் உட்கார்ந்தாள்.